அடிவயிற்றுக்கான ஐந்து பயிற்சிகள்

மனித உடலிலேயே மிகவும் சோம்பலான தசை அடிவயிற்றுத் தசைதான், ஐயா. கைக்கு வேலை கொடுக்கப் பிழைப்பு இருக்கிறது. காலுக்கு வேலை கொடுக்க வழி இருக்கிறது. தொப்புளுக்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்கு மட்டும் யாரும் வேலை கொடுப்பதில்லை. கொடுக்க நினைத்தால் வீட்டிலேயே கொடுக்கலாம். கருவி வேண்டாம், கூடம் வேண்டாம். ஒரு பாயும் ஒழுங்கும் போதும். உங்களுக்கே, இந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து, லேசாகச் சரிந்திருக்கிறது. தவறாக எண்ண வேண்டாம். இருபத்திரண்டு ஆண்டு உடற்பயிற்சி ஆசிரியனாக இருந்தவனின் கண் தானாகவே அங்கே போய்விடுகிறது.

நீங்கள் கேட்பது சாவியைப் பற்றி. என் மனைவி விதுரி பின்னறையில் இறந்துகொண்டிருந்த வெள்ளிக்கிழமை காலையில், அந்த அறையின் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நான் ஏன் மைதானத்தில் இருநூறு பேருக்கு எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதைப் பற்றி. சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். உடலைத் தளர்த்திக்கொள்ளாமல் நேரே கடினமான பயிற்சியில் இறங்கினால் தசை பிடித்துக்கொள்ளும், பேச்சும் அப்படித்தான்.

என் பெயர் பிரனோதோ. மத்திய ஜாவாவில், சோலோ நகரின் தெற்கே உள்ள நடுநிலைப்பள்ளியில் ஆசிரியன்; ஊர் என்னை 'பாக் குரு', ஆசிரியர் ஐயா, என்றே அழைக்கும். வெள்ளிக்கிழமைதோறும் காலை ஆறரை மணிக்கு வட்டார அலுவலர்களுக்கும் அவர்கள் மனைவியருக்கும் உடற்பயிற்சி நடத்துபவனும் நானே. கேசட்டில் இசை ஓடும். ஒலிபெருக்கியில் என் குரல் ஓடும். பயிற்சி முடிந்ததும் ஐந்து நிமிடம் பேசுவேன். பெண்ணை அடிப்பவன் மனிதனே அல்லன் என்று அந்த மேடையில் பேசியிருக்கிறேன். பெண்ணின் உடல்நலமே வீட்டின் உடல்நலம், வீட்டின் உடல்நலமே நாட்டின் உடல்நலம் என்று பேசியிருக்கிறேன். சொன்னபடியே நடந்தும் இருக்கிறேன். பன்னிரண்டு ஆண்டு மணவாழ்க்கையில் விதுரியின் மேல் என் கை பட்டதில்லை. குடியில்லை, சூதில்லை, இரண்டாம் வீடு இல்லை. தெருவில் விசாரித்துப் பாருங்கள். தெரு ஒப்புக்கொள்ளும்.

சனவரியில் எங்களுக்கு மூன்றாவது பெண் பிறந்தாள். ஏப்ரலில் விதுரி மறுபடி வெள்ளிக்கிழமை வரிசைக்கு வந்தாள். ஆசிரியர் மனைவி என்பதால் அவள் இடம் முதல் வரிசை; வட்டாட்சியர் மனைவிக்கு அடுத்த இடம். சீருடைச் சட்டைக்கு மேல் வயிறு தெரிந்தது. ஆறு மாதம் போல இருந்தது என்று சொன்னால் மிகையாகாது. வட்டாட்சியர் மனைவி வேடிக்கையாகப் பேசுபவர். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"என்ன பாக் குரு, பள்ளிக்கூடத்துப் பந்தையெல்லாம் வீட்டுலயே பத்திரமா வச்சிருக்கீங்க போல."

அவருக்குப் பக்கத்தில் நின்றவர் விடவில்லை. "ஊருக்கெல்லாம் இளைக்கச் சொல்லித் தர்றாரு. வீட்டுக்கு யாரு சொல்லித் தர்றதாம்?"

இருநூறு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விதுரியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பில் தவறில்லை, ஐயா. ஆனால் ஒரு பொறியாளர் கட்டிய பாலம் ஊர் நடுவே சரிந்து கிடந்தால் அவர் என்ன செய்வார்? செப்பனிடுவார். நானும் அதைத்தான் நினைத்தேன். ஆகஸ்ட் பதினேழு, சுதந்திர தின விழாவில், மகளிர் அணியின் முதல் வரிசையில் விதுரி தட்டையான வயிற்றோடு நிற்க வேண்டும். அதற்கு மேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை.

ஐந்து பயிற்சிகளை நானே வகுத்தேன். முதலாவது எளிது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பின் பின்புறத்தைப் பாயோடு அழுத்த வேண்டும். முதுகுக்கும் பாய்க்கும் நடுவே என் விரல்கள் நுழையக் கூடாது, நுழைத்துப் பார்ப்பேன். இரண்டாவது, மடக்கிய முழங்காலை மார்புவரை இழுத்து இறக்குவது. மூன்றாவதுதான் அடிவயிற்றின் அரசன்: இரு காலையும் நேராக மேலே தூக்கி, எட்டு எண்ணுவதற்குள் மெல்ல இறக்கி, குதிகால் தரையைத் தொடாமல் நிறுத்துவது. நான்காவது, அதே உயரத்தில் கால்களைக் கத்தரிபோல் மாற்றி மாற்றி வீசுவது. ஐந்தாவது, குப்புறத் திரும்பி முழங்கையையும் கால்விரலையும் ஊன்றிப் பலகைபோல் நிற்பது. காலையில் மூன்று சுற்று, மாலையில் மூன்று சுற்று.

மூன்றாவதில் எல்லோரும் ஏமாற்றுவார்கள். குதிகாலை ஒரு நொடி தரையில் வைத்து இளைப்பாறிக்கொள்வார்கள். அதற்கு ஒரு வழி கண்டேன். குதிகால் இறங்கும் இடத்தில் பொரித்த இறால் அப்பளம் இரண்டு வைத்தேன். கால் பட்டால் நொறுங்கும். நொறுங்கினால் சத்தம் கேட்கும். கேட்டால் மறுபடி முதலிலிருந்து. முதல் நாள் விதுரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"மாஸ், நொறுங்கினத நான் தின்னலாமுங்களா?" என்று கேட்டாள். கணவனை 'மாஸ்' என்று அழைக்கும் மரியாதை விளையாட்டிலும் அவளிடம் தவறாது.

"உடைக்காத. அப்புறம் பேசலாம்," என்றேன்.

அந்த வாரம் பக்கத்து வீட்டுக் கர்சினா குப்பைக்கூடையைப் பார்த்துவிட்டு, "என்ன பாக் குரு, வீட்டுல அப்பளக் கடை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். கர்சினா சுரபாயாக்காரி; மரியாதை பாராமல் பட்டென்று பேசும் ஊர் அது. சந்தையில் டெம்பே என்னும் சோயாக் கட்டி விற்பவள். அவளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அறையைப் பூட்டியது ஒழுங்குக்காக. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கைக்குழந்தை அழுதால் விதுரி ஏழாவது எண்ணிக்கையில் எழுந்து ஓடிவிடுவாள். பாதியில் நின்ற பயிற்சி, செய்யாத பயிற்சியைவிடக் கெடுதல். ஆகவே முதலில் பயிற்சி நேரத்துக்கு மட்டும் பூட்டினேன். குழந்தை வெளியே அழுதது. அவள் உள்ளே அழுதாள். எண்ணிக்கை யாருக்கும் கேட்கவில்லை. அதன்பின் கைக்குழந்தையையும் மூத்தவர்கள் இருவரையும் க்ளாத்தேனில் உள்ள என் தங்கை வீட்டில் விட்டுவந்தேன். பால் கட்டிக்கொண்டு இரண்டு நாள் விதுரிக்குக் காய்ச்சல் அடித்தது. நான் விசாரிக்காமல் இல்லை; 'திக்', தங்கச்சி என்று அன்பாகவே அழைத்து விசாரித்தேன்.

"வலிக்குதா, திக்?"

"ஒண்ணுமில்லீங்க, மாஸ்."

இப்படி ஒவ்வொரு நாளும் கேட்டேன். ஒவ்வொரு நாளும் அதே பதில்தான் வந்தது. குறிப்பேட்டில் தேதிவாரியாக எழுதியிருக்கிறேன்: "கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள்." நீங்கள் கைப்பற்றிய பொருள்களில் அந்தக் குறிப்பேடும் இருக்கும். நம் வீட்டுப் பெண்கள் அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்வதில்லை என்று நீங்கள் சொல்லக் கூடும். அப்படியென்றால் என் கேள்வியில் என்ன குறை?

சூலை பிறந்ததும் பூட்டு நாள் முழுவதற்கும் ஆனது. காரணம், அடுக்களை. அவள் உணவை நானே அளந்து கொண்டுபோய்க் கொடுத்தேன்: அவித்த முட்டையில் பாதி, கீரை, ஒரு கைப்பிடிச் சோறு. குளிக்க நானே அழைத்துச் சென்றேன். பயிற்சி இல்லாத நேரத்தில் நீளமான இடுப்புக்கச்சையைச் சுற்றிக் கட்டினேன். நம் பெண்கள் விழாவுக்குக் கட்டுவதுதான். கையகலம், பத்து முழ நீளம். அதைத் தளராமல் கட்ட ஒருவரால் ஆகாது. என் முழங்காலை அவள் முதுகில் கொடுத்து இழுத்தால்தான் சரியாக அமரும். அதை அடித்தல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வயிறு இறங்கியது, ஐயா. உண்மையாகவே இறங்கியது. ஒரு சாண் வேறுபாடு. தொப்புளுக்குச் சற்றுக் கீழே ஓர் எலுமிச்சை அளவு புடைப்பு மட்டும் எஞ்சியது. காலைத் தூக்கும்போது எழும்பும்; இறக்கும்போது அடங்கும். கச்சையின் முடிச்சை அதன் மேலேயே வரும்படி அமைத்தேன்.

அந்தப் புடைப்பு எனக்குப் புதிதல்ல. இதைச் சொல்லியாக வேண்டும். பிறவற்றை மறைக்காமல் இதை மட்டும் மறைத்தால் என் பேச்சுக்கு மதிப்பில்லை. குழந்தை பிறந்த நாற்பத்திரண்டாம் நாள் சுகாதார நிலையத்துக்குப் போனோம். நர்ஸ் அம்மா விதுரியை இருமச் சொல்லி, வயிற்றை அழுத்திப் பார்த்தார். விதுரி திரைக்குப் பின்னால் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது வெளியே வந்து என்னிடம் மெல்லச் சொன்னார்:

"நடுவுல தசை பிரிஞ்சிருக்கு, பாக் குரு. அந்த வழியா குடல் வெளிய தள்ளுது. பெரிய ஆஸ்பத்திரியில காட்டித் தச்சுடணும். அதுவரைக்கும் காலத் தூக்குற பயிற்சி கூடவே கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. என்னிக்காவது அது கல்லு மாதிரி ஆயி, நெறம் மாறி, வாந்தியும் எடுத்துச்சுன்னா ஒரு மணி நேரங்கூடக் காத்திருக்காதீங்க. உள்ள குடல் அழுகிடும். புரிஞ்சுதுங்களா?"

"சரிங்க," என்றேன். நம் பக்கத்தில் பெரியவர் சொன்னதற்குச் 'சரிங்க' என்பது பண்பு. அது ஒப்புதல் ஆகாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

வழியில் விதுரி, "என்ன சொன்னாங்க, மாஸ்?" என்று கேட்டாள்.

"தசை தளர்ந்திருக்காம். பயிற்சி செஞ்சா சரியாயிடுமாம்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்தேன். அச்சுறுத்தக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் தெரிகிறது. தவிர, அறுத்துத் தைத்தால் தழும்பு விழும். பல மாதம் பயிற்சி செய்ய இயலாது. ஆகஸ்ட் பதினேழு அதற்குள் வந்து போய்விடும். கத்தியால் தட்டையாக்கிய வயிறு ஆசிரியருக்குப் பெருமையுமல்ல.

இனி கர்சினா. பின்னறை சன்னல் அவள் கொல்லையைப் பார்த்திருக்கிறது. ஆகஸ்ட் ஆறாம் நாள், புதன்கிழமை, பள்ளியிலிருந்து வந்தபோது சன்னல் கம்பியில் வாழையிலைத் துண்டு ஒட்டியிருந்தது. வறுத்த டெம்பேயின் மணம். கேட்டேன். விதுரி தலைகுனிந்தாள். ஒரு பலகையையும் எட்டு ஆணியையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். கர்சினா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஆணியடிக்கிறியா? அடி. நல்லா அடி. பொம்பள வயிறு என்ன ஒம் பள்ளிக்கூடத்து மைதானமா, தெனம் கோடு போட்டு வெளையாட?"

"மரியாதையாப் பேசுங்க, கர்சினா அம்மா."

"மரியாதையா? அதுதான் அவ வாயில ரொம்பி வழியுதே. பசிக்குதுடின்னு சொல்லத் தெரியல. 'சிரமத்துக்கு மன்னிக்கணும், ஒரு துண்டு மீதி இருந்தா'ங்கிறா. பெத்த புள்ளைய ஒரு தடவ பாக்கணும்னு சொல்லத் தெரியல. ஒன்னய மாதிரி ஆளுங்க எதுக்கு இந்தப் பொண்ணுங்களுக்கு இவ்வளவு மரியாதை சொல்லித் தர்றீங்கன்னு இப்பல்ல புரியுது."

சுரபாயாக்காரர்களோடு வாதாடிப் பயனில்லை. எட்டு ஆணியையும் அடித்து முடித்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை பிற்பகல் விதுரி வாந்தியெடுத்தாள். வயிறு முழுதும் உப்பியிருந்தது. டெம்பே செய்த வேலை என்று முதலில் எண்ணினேன். கச்சையை அவிழ்த்தபோது புடைப்பு அடங்கவில்லை. அழுத்திப் பார்த்தேன், கல்லாக இருந்தது. நிறம் மங்குஸ்தான் தோல்போல் கருஞ்சிவப்பு. நர்ஸ் அம்மா சொன்ன மூன்றும் இருந்தன. மூன்றும் இருப்பதை நான் அறிந்தேன். அறியாமல் செய்தேன் என்று உங்கள் எழுத்தர் எழுதியிருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்; என்னை அறியாதவன் என்று யாரும் சொன்னதில்லை.

விழாவுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. கச்சையைத் திரும்பக் கட்டினேன்; சற்று இறுக்கமாக. வெளியே வந்து பூட்டினேன்.

அன்று மாலைக்குள் நான்கு முறை கதவைத் தட்டினாள். "மாஸ், மன்னிக்கணும். கொஞ்சம் கதவத் திறங்க. டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாமுங்களா?" நான்கு முறையும் குரலில் ஒரு குறையும் இல்லை, ஒரு சொல்லும் தவறவில்லை. அதுவே என்னை ஏமாற்றியது என்று சொல்லலாம். இவ்வளவு நிறுத்தி, இவ்வளவு அழகாகக் கேட்கத் தெம்பு இருந்தால், வலி பொறுக்கக் கூடியதாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணி. சீருடை உடுத்தி, ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் கதவில் ஒரு தட்டுத் தட்டினேன். முதல் பயிற்சிக்கான தட்டு. பதிலுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. விதுரியின் குரல் என்று அறிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று.

"தொற."

உங்கள் எழுத்தர் சுமத்ராக்காரர் என்று பேச்சிலிருந்து தெரிகிறது. அவருக்காகச் சொல்கிறேன். ஜாவாவில் எங்களுக்கு வாய் ஒன்று, மொழி இரண்டு. கணவன் மனைவியோடு தாழ்மொழியில் பேசுவான். நல்ல குடும்பத்துப் பெண் கணவனோடு உயர்மொழியில்தான் பேசுவாள். கைக்குழந்தையாக இருக்கும்போது நாவில் முதலில் ஏறுவது தாழ்மொழி. உயர்மொழி பின்னால் கற்பிக்கப்படுவது. பன்னிரண்டு ஆண்டில் ஒருநாள்கூட, பேற்று வலியில்கூட, விதுரி என்னிடம் தாழ்மொழியில் ஒரு சொல் பேசியதில்லை.

"யாருகிட்டப் பேசற, திக்?" என்று கேட்டேன். அமைதியாகத்தான் கேட்டேன்.

"உங்கிட்டத்தான். பிரனோதோ, கதவத் தொற. நான் செத்துப்போறேன். தொற."

என் பெயர். 'மாஸ்' இல்லாத என் பெயர். சாவி அப்போதே என் கையில் இருந்தது, ஐயா. பூட்டில் நுழைத்தும் விட்டேன். நீங்கள் என்னைக் கொடியவன் என்று எண்ணுவதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்: நான் திறப்பதாகத்தான் இருந்தேன்.

"ஒழுங்காக் கேளு. தொறக்கறேன்," என்றேன்.

உள்ளே பாய் உரசும் சத்தம். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், "எனக்கு வேற பேச்சு வரல," என்றாள்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம் கொடுத்தேன். பள்ளியில் பிழை செய்த மாணவனுக்கு ஒரு நிமிடம்தான் கொடுப்பது வழக்கம். மூன்று நிமிடத்திலும் அவள் அந்த ஒரு சொல்லையே சொன்னாள். தொற, தொற, தொற. எண்ணிக்கை சொல்வதுபோல் சொன்னாள். சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் புறப்பட்டேன். வலி உச்சிக்கு ஏறியவர்களுக்குக் கற்ற மொழி மறந்து பிறந்த மொழிதான் நிற்கும் என்று மருத்துவர் ஒருவர் நேற்று எனக்கு விளக்கினார். யோசிக்கத் தக்க கருத்து.

ஏழு மணிக்குக் கர்சினா மைதானத்துக்குள் ஓடிவந்தாள். தலையில் முக்காடு இல்லை. காலில் செருப்பும் இல்லை. மேடைக்குக் கீழே நின்று கத்தினாள்:

"பாக் குரு! விடியறதிலேருந்து கத்திக்கிட்டிருந்தா. இப்பச் சத்தம் நின்னுபோச்சு. சாவியக் குடு! சாவிய எறிய்யா இங்க!"

அப்போது நடுப்பகுதி முடிந்து, உடலைத் தணிக்கும் பகுதி தொடங்கியிருந்தது. இருநூறு உடல்கள் சூடேறி நிற்கின்றன. தணிக்காமல் பாதியில் நிறுத்தினால் மயக்கம் வரும். வயதானவர்களுக்கு நெஞ்சுவலியும் வரலாம். பொறுப்புள்ளவன் என்ன செய்வான்? "மூச்சை உள்ளே இழுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மெல்ல விடுங்கள்," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கர்சினா மேடையில் ஏறி என் சட்டைப்பையைக் கிழித்துச் சாவியைப் பிடுங்கினாள். அவள் கிழித்தபோதும் நான் எண்ணிக்கையை விடவில்லை. வட்டாட்சியர் மனைவி கையை மேலே தூக்கியபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது கதவு திறந்திருந்தது. கர்சினா கச்சையை அறுத்து எறிந்திருந்தாள். விதுரி கதவருகே குப்புறக் கிடந்தாள். ஐந்தாவது பயிற்சியின் நிலை அல்ல அது. ஊன்றிய கை மடங்கியிருந்தது. என்னைத் தள்ளிவிட்டு கர்சினா தன் மேல்துணியை விரித்து அவளைப் போர்த்தினாள்.

ஆம், ஐயா. நான்தான் செய்தேன். பயிற்சியும் நான், கச்சையும் நான், பூட்டும் நான். சொன்னால் பிழைத்திருப்பாள் என்று தெரிந்தும் சொல்லாமல் விட்டதும் நானே. இதில் கர்சினாவுக்கோ, நர்ஸ் அம்மாவுக்கோ, வட்டாட்சியர் மனைவிக்கோ பங்கில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். தண்டனையைக் குறைக்கும்படி கேட்கப் போவதில்லை.

எழுத்தர் வாசித்துக் காட்டியதைக் கவனமாகக் கேட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு திருத்தம் வேண்டும். அவள் சொன்னதை அவர் அப்படியே 'தொற' என்று எழுதிவிட்டார். நாளை இது நீதிமன்றத்தில் வாசிக்கப்படும். நாலு பேர் கேட்பார்கள். எங்கள் பெண்களும் வளர்ந்து ஒருநாள் படிப்பார்கள். விதுரி பண்பான பெண். அவள் பெயர் கெட என்னால் பொறுக்க முடியாது. அந்த இடத்தில் 'திறங்க, மாஸ்' என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். மாற்றியதும் கையெழுத்துப் போடுகிறேன், அதுவரை காத்திருக்கிறேன்.